தம்புசாமியின் வலது கை

இந்தக் காலத்து ஆள்களுக்கு ஒரு வீட்டுக்குப் போனால் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிவதில்லை என்பது ரெங்கசாமியின் முடிவான கருத்து. கேட்கிறார்கள். எதையெடுத்தாலும் கேட்கிறார்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்துக்கு எத்தனை படி, கங்காணி குடை கறுப்பா காக்கியா. செத்தவனைப் பற்றிக் கேட்டாலாவது பரவாயில்லை. செத்தவன் சட்டையில் இருந்த பொத்தானைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர் காலத்தில் இப்படி நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வந்து கேட்டவன் போலீஸ்காரன் ஒருவன்தான்.

ரமணி போலீஸ் இல்லை. மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைகிறவள். முப்பதை நெருங்கும் வயது. துணிக்கடைகளுக்குச் சேலை கட்டிய பெண்களை வரைந்து சலித்துப்போய், நாற்பத்தொன்றாம் வருசம் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் படக்கதையாகப் போடக் கிளம்பியிருக்கிறாள். நூற்றுச் சொச்சம் பக்கம். "நாப்பத்தேழு வருசத்துக்கு அப்புறம் இதுக்கு என்னா அவசரம்?" என்று ரெங்கசாமி கேட்டதற்கு, "இன்னும் பத்து வருசம் போனா கேக்க ஆளு இருக்காது லா அங்கிள்" என்றாள். தன்னைச் சீக்கிரம் செத்துப்போவான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் அவர் அக்கா வீரம்மாவின் வீடு அது. வீரம்மாவின் மகன் விஜயனுக்கு செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. அந்த வேலைக்குக் கிடைத்த வீடு. ரெங்கசாமி கல்யாணம் செய்துகொள்ளாதவர். ரயில்வேயில் தண்டவாளக் கூலியாக இருபத்தைந்து வருசம் கட்டை தூக்கிவிட்டு, இப்போது அக்கா போடும் சோற்றைத் தின்றுகொண்டு முன்னறையில் படுத்திருக்கிறார்.

அன்றைக்கு மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீரம்மா தரையில் பழைய பேப்பரை விரித்து, மூன்று கிலோ நெத்திலிக் கருவாட்டைக் கொட்டி, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். தெருமுனை நாசி லெமாக் சோற்றுக் கடைக்காரிக்கு நாள்தோறும் அவள் செய்து கொடுக்கிற வேலை. வந்தவர்கள் யாராயிருந்தாலும் பேசிக்கொண்டே ஒரு கை கிள்ளித்தான் ஆகவேண்டும். ரமணியும் கிள்ளினாள். மோசமாகக் கிள்ளினாள்.

"தலையோட பாதி ஒடம்பும் போவுது பாரு" என்றாள் வீரம்மா. "படம் போடற கையா இது?"

"வரையறப்ப நெத்திலி அசையாது ஆன்டி."

"இங்க மட்டும் அசையுதாக்கும்." வீரம்மா சிரிக்கவில்லை. "இந்தா பாரு தாயி. நீ அடுப்ப வரை, லயத்த வரை, சாராயக் கடைய வேணும்னாலும் வரை. அந்த மனுசன வரையாத."

அந்த மனுசன் என்பது அவள் புருசன் தம்புசாமி. ரமணியின் புத்தகத்துக்கு அவன்தான் நடுப்பக்கம்.

"அம்மா, அவங்க கேக்கறது ஒரு படம்தானே" என்றான் விஜயன். நாற்பத்தாறு வயதிலும் அம்மாவிடம் பேசும்போது அவன் குரல் ஒரு படி இறங்கிவிடும். "நான்தான் அவர பாத்ததே இல்ல. ஒரு போட்டோகூடக் கிடையாது. நாலு பேரு பாக்கற மாதிரி ஒரு படம் இருந்துட்டுப் போகட்டுமே."

"நாலு பேரு பாக்கணும்னுதானே அன்னைக்கும் போனாரு. ஒரு நிமிசம் சைக்கிள விட்டு எறங்கியிருந்தா, அவரு பாட்டுக்கு ரப்பர் மரஞ்சீவிக்கிட்டு இருந்திருப்பாரு. எறங்கல. வயித்துல நாலு மாசம் நீ. அது தெரிஞ்சும் எறங்கல. திமிரு. அந்தத் திமிர புத்தகத்துல வேற போடணுமா? நான் சம்மதிக்க மாட்டேன்."

"நீங்க வேணான்னா நான் போட மாட்டேன் ஆன்டி" என்றாள் ரமணி. சொல்லிவிட்டுக் கருவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் இல்லாவிட்டால் புத்தகமே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

கதை இவ்வளவுதான். காப்பார் பக்கம் ஆத்துமேட்டுத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கவேண்டும். துரை போன பிறகு ஏறிக்கொள்ளலாம். ஒரு நாள் விடியற்காலையில் எல்லாரும் ஆள்கணக்குக்கு வரிசையாக நிற்கிற பெரட்டுத் திடலில், துரை நின்றுகொண்டிருக்க, மேட்டிலிருந்து தம்புசாமி சைக்கிளில் வந்தான். இறங்கவில்லை. நூற்று ஐம்பது பேர் பார்க்கத் துரையைத் தாண்டிப்போய், ஸ்டோர் வேலியில்தான் நின்றான். துரை பிரம்பால் அடித்தான். மாலைக்குள் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னான். மறுநாள் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. தம்புசாமியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் போலீஸ் லோரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி விட்டார்கள் என்று தகவல் வந்தது. அந்த வருசக் கடைசியில் ஜப்பான்காரன் வந்தான். சண்டை முடிந்த பிறகு ஊர்க்காரர் ஒருவர் வந்து, ஆள் காலராவில் போய்விட்டான் என்று சொன்னார்.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று ரெங்கசாமிக்குத் தெரியும். தம்புசாமி துரையைத் தாண்டிப்போனதற்கு முதல் நாள் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் பகல் கூத்துப் பார்க்கப் போனது அவர்தான். அப்போது பதினாறு வயது. வருகிற வழியில் விழுந்ததில், வலது கைப் பிடியிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் கம்பி வளைந்து சக்கரத்தில் உரசியது. கம்பியையும் பிரேக் பிடியையும் சேர்த்துக் கழற்றி ஒளித்து வைத்தார். பின் பிரேக் அந்தச் சைக்கிளுக்கு எப்போதுமே கிடையாது. சம்பளம் வாங்கியதும் சீனன் கடையில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். மச்சானிடம் சொல்லவில்லை. மறுநாள் பெரட்டில் நின்றுகொண்டு, மச்சானின் வலது கை இல்லாத பிரேக்கைத் தேடுவதைப் பார்த்தார்.

அக்காவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் நாற்பத்தேழு வருசமாக யோசித்ததில், சோற்றுத் தட்டு கிடைக்காது என்பதுதான் முதலில் தோன்றும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

*

ஞாயிற்றுக்கிழமை விஜயன் அம்மாவிடம் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தன் டட்சன் காரில் ரமணியையும் மாமாவையும் காப்பாருக்கு ஏற்றிக்கொண்டு போனான். இடத்தைப் பார்த்தாவது வரைந்து வைக்கட்டும், அம்மாவைப் பிறகு சமாதானப்படுத்தலாம் என்பது அவன் கணக்கு. ரெங்கசாமி வரமாட்டேன் என்றார். தான் போகாவிட்டால் இவர்கள் யாரையாவது பிடித்து எதையாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ரப்பர் ஒரு மரம்கூட இல்லை. எல்லாம் எண்ணெய்க்கு நடுகிற செம்பனை. அதற்கு மேலே தூரத்தில் புதுக் கரண்டு நிலையத்தின் புகைபோக்கிகள். லயம் இருந்த இடத்தில் லாலான் புல். ஆபீஸ் இருந்த இடத்தில் நான்கு சிமெண்டுப் படிகள் மட்டும் மிச்சம், மேலே போக ஒன்றும் இல்லை. ஆனால் மேடு இருந்தது. மேட்டை யாரும் கொண்டுபோகவில்லை.

ரமணி வேலை செய்த விதத்தை ரெங்கசாமி ஓரக்கண்ணால் கவனித்தார். குடையை நட்டு, அதன் உயரத்தை வைத்து மேட்டின் சரிவைக் கணக்குப் பண்ணினாள். கால் அடியால் அளந்தாள். படியில் உட்கார்ந்து, பேப்பர் மேல் கை போன வேகத்தில் நாலு கோடு இழுத்ததும், பெரட்டுத் திடல் வந்துவிட்டது. ஆள்கள் வரிசையில் நின்றார்கள்.

"இது தப்பு" என்றார்.

"எது அங்கிள்?"

"பொம்பளைங்க முன்னால நிக்க மாட்டாங்க. ஆம்பளைங்க வரிசைக்குப் பின்னால, எடது பக்கம். வாளிய தலையில வெக்க மாட்டாங்க, காலடியில இருக்கும். கங்காணி துரைக்கு நேரா நிக்க மாட்டான். ஒரு எட்டு பின்னால. இப்படி லேசா குனிஞ்ச மாதிரி."

அவள் அழித்துத் திருத்தினாள். சண்டை போடவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. தப்பு என்றதும் சரி என்கிறவர்களை அவர் நம்புவதில்லை. ஆனாலும் ஒரு தப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதும் முடியவில்லை. விளக்கைத் திருத்தினார். துரையின் தொப்பியைத் திருத்தினார். துரை வைத்திருந்த நாயை ஒரேயடியாக எடுக்கச் சொன்னார். "நாயி மேனேஜர் பங்களாவுல இருந்துச்சு. பெரட்டுக்கு வராது. நாயிக்கு அவ்ளோ காலையில எழுந்திரிக்கத் தலையெழுத்தா?"

சைக்கிளில் வருகிற உடம்பு எப்படிச் சாயும் என்று பார்க்கவேண்டும் என்றாள் ரமணி. அந்த வழியாக வந்த இந்தோனேசிய வேலைக்காரன் ஒருவனை விஜயன் நிறுத்தி, "பாங், பாசிக்கல் பிஞ்சாம் செகெஜாப்" என்று மலாயில் சைக்கிளைக் கொஞ்ச நேரம் இரவல் கேட்டான். அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சைக்கிளைக் கொடுத்து, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். பட்டறையில் பத்துப் பேரை மேய்க்கிற, தொப்பை விழுந்த விஜயன், அப்பாவாக மேட்டில் ஏறி நின்றான்.

"வாங்கண்ணே!" என்றாள் ரமணி.

வந்தான். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வந்தான்.

"பிரேக் புடிக்காதீங்கண்ணே. ஒடம்பு பின்னால போவுது. தைரியமா வரணும்."

"நீ சொல்றது ஈஸி லா. பல்லு போனா யாரு கட்டிக் குடுக்கறது?"

மூன்று தடவை இறங்கினான். நான்காவது தடவை பிரேக்கைத் தொடாமலே வந்து, புல்லில் போய் விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தான். அவன் இப்படிச் சிரித்து ரெங்கசாமி பார்த்து வெகு நாளாகிறது. ரமணி இன்னொரு பக்கத்தைத் திருப்பி, கையை மட்டும் பெரிதாக வரைந்தாள். கைப்பிடியைப் பிடித்த வலது கை. கீழே பிரேக் பிடி. விரல்கள் அதைத் தொடாமல் மேலே மடங்கியிருந்தன.

"இதான் அங்கிள் நடுப்பக்கம். பிரேக் கைக்குப் பக்கத்துலயே இருக்கு. ஆனா அவரு தொடல. ஒரு வார்த்தைகூட எழுதப் போறதில்ல. பாத்தாலே புரியும்."

"அங்க அந்தக் கம்பி இல்ல" என்றார் ரெங்கசாமி.

காலையிலிருந்து திருத்தித் திருத்திப் பழகிய வாய். நாயை எடுக்கச் சொன்ன அதே குரலில் வந்துவிட்டது.

"எந்தக் கம்பி?" என்றான் விஜயன். பிட்டர். கம்பி என்றால் திரும்பிப் பார்க்கிறவன்.

இனி மாற்றிச் சொல்லிப் பயனில்லை. சொன்னார். கூத்து, விழுந்தது, கழற்றியது. சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னதா என்று அவருக்கே இருந்தது.

விஜயன் சைக்கிளைத் துடைத்து, இந்தோனேசியனிடம் கொடுத்துவிட்டு, காரில் போய் உட்கார்ந்தான்.

மழை கிள்ளானில் பிடித்துக்கொண்டது. வாழையிலைக் கடையில் ஒதுங்கினார்கள். விஜயன் மீன் குழம்பு ஊற்றி இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு இலையை மடித்த பிறகுதான் பேசினான்.

"அப்ப எங்கப்பா துணிஞ்சு போகல. நிறுத்த முடியாம போயிட்டாரு."

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியாது."

"தெரியாது."

"இத்தன வருசமா அம்மா கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு, தெனமும் அவர அது வையிறத கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

ரெங்கசாமி மோரைக் குடித்தார்.

"இன்னைக்கே சொல்லிடுங்க மாமா. நீங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்." பிறகு ரமணியிடம் திரும்பினான். "நீ இத வரையாதம்மா. பிரேக் இல்லாத சைக்கிளுக்காக யாரும் ஸ்ட்ரைக் பண்ண மாட்டாங்க. சிரிப்பாங்க."

ரமணி சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "அவரு ஏன் அண்ணே அதச் சொல்லல? அடி வாங்குனப்ப, துரை, பிரேக் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. மூணு வாரம் இருந்தாரு. யாருகிட்டயுமே சொல்லல."

விஜயன் எழுந்து கை கழுவப் போனான்.

*

வீடு வந்தபோது மணி ஐந்து. மழை விட்டிருந்தது. பின்பக்கத் தண்டவாளத்தில் கிள்ளான் ரயில் போய்க்கொண்டிருந்தது. வீரம்மா சார்டின் மீன் குழம்பை இறக்கிவிட்டு, மறுநாளுக்கான நெத்திலியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாசாருக்குப் போனவங்க கையில ஒரு கீரைக்கட்டு இல்ல" என்றாள்.

ரெங்கசாமி செருப்பைக் கழற்றியபடி வாசலில் நின்றே சொன்னார். உட்கார்ந்து சொன்னால் எழுந்திருப்பது கஷ்டம் என்று நினைத்தார். "அக்கா. அன்னைக்கு மச்சான் சைக்கிள்ல பிரேக் இல்ல. நான்தான் ஒடச்சேன். ஒடச்சு ஒளிச்சு வெச்சுட்டேன். அவரால நிறுத்த முடியல. திமிரு இல்ல."

வீரம்மா ஒரு நெத்திலியைக் கிள்ளினாள். இன்னொன்றைக் கிள்ளினாள்.

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"பிரேக் இல்லாதது. நீ ஒடச்சது. முந்தின நாள் அந்தியிலயே அவருக்குத் தெரியும். சைக்கிளத் தொடைக்கப் போனவரு வந்து சொன்னாரு, ஒன் தம்பி கம்பியக் கழட்டி ஒளிச்சு வெச்சிருக்கான், பயந்துக்கிட்டுக் கெடக்கான், ஒண்ணும் கேக்காதன்னு. சிரிச்சாரு."

விஜயன் சுவரில் சாய்ந்து அப்படியே நின்றான்.

"மறுநாளு காலையில வெள்ளச் சட்டைய எடுன்னாரு. மரஞ்சீவப் போறவனுக்கு என்னாத்துக்கு வெள்ளச் சட்ட? எடுத்துக் குடுத்தேன். சைக்கிளத் தள்ளிக்கிட்டு மேட்டுக்குப் போனாரு. லயத்துலேருந்து பெரட்டுக்கு நடந்தா அம்பது எட்டு. எவனாச்சும் அம்பது எட்டுக்கு மேட்டச் சுத்திக்கிட்டு வருவானா? பிரேக் இல்லாத சைக்கிள்ல? ஏறிட்டா எறங்க முடியாது. கடைசி நிமிசத்துல பயம் வந்தாலும் நிறுத்த முடியாது. அதுக்குத்தான் அந்த சைக்கிள்." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "அத நெனச்சுத்தான் எனக்கு வயிறு எரியுது. நிறுத்த வழி இல்லாம பண்ணிக்கிட்டுப் போனாரு. அந்த சைக்கிள் போன வழியில நானும் இருந்தேன்."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் ரெங்கசாமி.

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

அக்காவை நம்பினால் நாற்பத்தேழு வருசப் பாரம் இந்த வாசலிலேயே இறங்கிவிடும். அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாக இறங்குகிற பாரத்தை எவன் நம்புவான்? மகன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளோ. இல்லை, இத்தனை வருசம் ஒரு மனுசனைச் சும்மா திட்டியதாக ஆகிவிடக்கூடாதே என்று சொல்கிறாளோ.

"கம்பி எங்க கெடந்துச்சு? அதச் சொல்லு."

"கோழிக்கூட்டுக்குப் பின்னால."

சரிதான். ஆனால் லயத்தில் எவன் எதை ஒளித்தாலும் கோழிக்கூட்டுக்குப் பின்னால்தான் ஒளிப்பான். அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"கை தேடுச்சுக்கா. நான் பாத்தேன். நாலு வெரலும் இப்படி, இப்படிக் கீழ தேடுச்சு. தெரிஞ்சவன் கை எதுக்குத் தேடுது?"

"விடியாத நேரத்துல ஒனக்கு வெரலு தெரிஞ்சுதா? வெள்ளச் சட்ட தெரிஞ்சுதா?"

"சட்டையப் பாக்கல. கையத்தான் பாத்தேன்."

"ஒன் பயத்தப் பாத்துருப்ப."

ரமணி அதுவரை வாசற்படியிலேயே இருந்தாள். இப்போது உள்ளே வந்து, கருவாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, அதே கையை இரண்டு தடவை வரைந்தாள். பிரேக் பிடி இரண்டிலும் இல்லை. ஒன்றில் விரல்கள் கீழே நீண்டு காற்றைத் தேடின. இன்னொன்றில் கைப்பிடியைச் சுற்றிச் சும்மா மடங்கியிருந்தன. நோட்டை வீரம்மா பக்கம் திருப்பி வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் கேட்காமல் இருந்தது அது ஒரு தடவைதான்.

வீரம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் நோட்டைத் தூரத்தில் பிடித்தாள். வெகு நேரம் பிடித்திருந்தாள்.

"சுண்டு வெரலு இப்படி நேரா இருக்காது" என்றாள். "மரஞ்சீவற உளி பட்டு நகம் போயி, கொஞ்சம் வெளிப்பக்கமா நிக்கும். சோறு பெசயறப்ப அது மட்டும் ஒட்டாது."

ரமணி சுண்டுவிரலை வளைத்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

வளைத்தாள்.

"ம்." இரண்டாவது படத்தைக் கருவாட்டு நெடி அடிக்கிற விரலால் தொட்டாள். பென்சில் கோட்டில் லேசாக எண்ணெய்க் கறை விழுந்தது. "இத வரை. தேடாத கைய வரை. தெரிஞ்சேதான் போனாரு. அந்தத் திமிர அப்படியே போடு. ஆனா வெள்ளச் சட்ட போடு. நான் தொவச்ச சட்ட."

விஜயன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தன் சுண்டுவிரலைப் பார்த்தான். அது நேராகத்தான் இருந்தது.

"ரெங்கா, வந்து உக்காரு. கையில ஒரு பிடி எடுத்துக் கிள்ளு. அந்தப் பொண்ணு பாதி கருவாட்ட வீணாக்குது" என்றாள் வீரம்மா. எப்போதும் சொல்கிற குரல்தான். "சோறு போடறேன். சார்டின் வெச்சிருக்கேன்."

தட்டு கிடைக்கும் என்று ஆகிவிட்டது. ரெங்கசாமி வாசலிலிருந்தே அந்தப் படத்தைப் பார்த்தார். நல்ல கைதான். மச்சான் கையேதான். ஆனால் அன்றைக்கு அது இப்படி இல்லை.

"தேடுச்சு" என்றார்.

ரமணி சட்டைக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். ரெங்கசாமி மறுபடியும் செருப்பை மாட்டினார்.

"எங்க போற?"

"தீப்பெட்டி வாங்க."

"வீட்டுல மூணு இருக்கு."

அவர் இறங்கி நடந்தார். சந்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. எதிரே ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்தவர், தண்ணீரைப் பார்த்து நிறுத்திக்கொண்டே, "என்னா பெரியவரே, சாப்பிட்டாச்சா?" என்றார். ரெங்கசாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். இருக்கிறது என்று தெரிந்த பிரேக்கைக்கூட விரல் ஒரு தடவை தேடித்தான் பிடித்தது.

தலையை ஆட்டிக்கொண்டு கடைப் பக்கம் போனார்.